பீர்க்கடைக்குக் கையொப்பம் இடலாமா?

இல்லறத்தார்க்கென வகுக்கப்பட்ட பஞ்சசீலத்தில் ஐந்தாவதை நாம் ஒவ்வொரு வந்தனையிலும் ஓதி வருகிறோம். குடியாதவன் அச்சீலத்தைக் காத்தவன் ஆகிறான்; இதில் ஐயமில்லை. மது விற்று வயிறு வளர்ப்பவன் சம்மா ஆஜீவம் என்னும் நல்வாழ்க்கை நெறியினின்றும் வழுவியவன் ஆகிறான், இதிலும் ஐயமில்லை. ஆயுதம், உயிருள்ளவை, இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விலைப்படுத்தும் தொழிலை உபாசகன் மேற்கொள்ளலாகாது என்று பகவன் புத்தர் விலக்கியிருப்பது அங்குத்தர நிகாயத்தில் உள்ளது. ஆனால் இவ்விருவருக்கும் இடையே மூன்றாம் மனிதன் ஒருவன் நிற்கிறான். அவன் குடிப்பதில்லை, விற்பதுமில்லை. இன்னார் இன்ன இடத்தில் விற்றுக்கொள்ள எமக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு காகிதத்தில் கையொப்பம் மட்டும் இடுகிறான். அல்லது நகரசபைக் கூட்டத்தில் கை தூக்குகிறான். அல்லது கூட்டத்துக்கே போகாமல் வீட்டில் இருந்துவிடுகிறான். அக்கடையில் நடப்பவற்றில் இவனுக்குப் பங்கு உண்டா, இல்லையா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இதை வெறும் ஏட்டுக் கேள்வி என்று எண்ணிவிட வேண்டா. 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மகாராஷ்டிரச் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. வீட்டுவசதிச் சங்கங்களின் கட்டடங்களில் புதிதாகப் பீர்க்கடையோ மதுக்கடையோ திறக்க வேண்டுமாயின், அந்தச் சொசைட்டியின் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும் என்பது அவ்வறிவிப்பு. மும்பையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நம்மவர் பலர் இன்று அத்தகைய சொசைட்டிகளில் குடியிருக்கின்றனர். சிலர் கமிட்டியிலும் இடம் பெற்றிருக்கின்றனர். தரைத்தளத்தில் ஒரு கடை பூட்டிக் கிடக்கும். மேல்மாடியில் மழைநீர் ஒழுகும். பழுது பார்க்கப் பணம் இராது. அவ்வேளையில் ஒருவர் வந்து, கட்டட நிதிக்கு நல்ல தொகை தருவதாகச் சொல்லி, "பீர்தானே ஐயா, சாராயம் அன்றே!" என்று காகிதத்தை நீட்டுவார். உபாசகன் என்ன செய்வது?

சுத்த நிபாதத்தில் தம்மிக சுத்தம் என ஒன்றுண்டு. தம்மிகன் என்னும் உபாசகன் ஐந்நூறு உபாசகர்களோடு சாவத்தியில் பகவனை அணுகி, துறவிக்கும் இல்லறத்தானுக்கும் உரிய ஒழுக்கம் யாது என வினவுகிறான். அங்கே மதுவைப் பற்றிப் பகவன் கூறும் விடை மூன்று படிகளாக அமைந்துள்ளது. தான் குடியாமை முதற்படி. பிறரைக் குடிப்பியாமை இரண்டாம் படி. பிறர் குடிப்பதற்கு இசையாமை மூன்றாம் படி. இம்மூன்றாம் படிக்கு ஆளப்பட்ட பாலிச் சொல், அனுமதித்தல், ஒப்புதல் எனப் பொருள்படும் அநுஜாநாதி என்னும் வினையினின்றும் பிறந்தது. கொலைக்கும் களவுக்கும் அவ்விடத்திலேயே இதே மூன்று படிகள் கூறப்பட்டிருத்தலையும் அன்பர்கள் கருத வேண்டும். ஆகவே, "நான் குடிக்கவில்லை, விற்கவில்லை, அனுமதி மட்டுமே அளித்தேன்" என்று சொல்பவனுடைய வாயிலிருந்து வரும் அந்த "அனுமதி" என்னும் சொல்லே சுத்தத்தில் விலக்கப்பட்ட செயலாக நிற்கின்றது.

சுத்தம் சொல்லிவிட்டது, விவகாரமும் தீர்ந்தது என்று இவ்விடத்தில் எழுதுகோலைக் கீழே வைக்கலாம். நாம் அவ்வாறு செய்யத் துணியவில்லை. ஏனெனில் லைசென்சு என்பதற்கு இரண்டு முகங்கள் உள்ளன. ஒரு முகம் அனுமதி; மற்றொரு முகம் வேலி. இன்ன நேரத்துக்குமேல் விற்கலாகாது, இன்ன வயதுக்குக் கீழ்ப்பட்டவர்க்குக் கொடுக்கலாகாது, பள்ளிக்கூடத்துக்கு இத்தனை தூரத்துக்குள் திறக்கலாகாது என்றெல்லாம் கட்டுப்பாடு விதிப்பதும் அந்தச் சீட்டே. பத்துக் கடைகளுக்குமேல் வேண்டா என்று வாக்களித்த நகரசபை உறுப்பினன் பத்துக் கடைகளைத் திறந்தவனா, பதினொன்றாவது கடையைத் தடுத்தவனா? இதற்கு ஆத்திரப்பட்டு விடை சொல்வது எளிது. ஆராய்ந்து சொல்வதே கடினம். இவ்வேலியைப் பிடுங்கியும் நட்டும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகச் சோதனை செய்துவரும் நாடு இங்கிலாந்து. அதன் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

இங்கிலாந்தில் 1552ஆம் ஆண்டு முதலே பீர்ச்சாலை நடத்துவோர் உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகளிடம் அனுமதி பெற்றாக வேண்டும். அம்மாஜிஸ்திரேட்டுகள் சம்பளம் வாங்கும் அதிகாரிகள் அல்லர். அவ்வூர் நிலக்கிழார்களும் பாதிரியார்களுமே. நாளடைவில் அவர்கள்மீது குறை எழுந்தது. வேண்டியவர்க்குக் கொடுக்கிறார்கள், வேண்டாதவர்க்கு மறுக்கிறார்கள், பெரிய பீர் ஆலை முதலாளிகள் கடைகளை எல்லாம் தம் கைக்குள் கொண்டுவரத் துணைபோகிறார்கள் என்றெல்லாம் பேசப்பட்டது. ஏழைகள் ஜின் என்னும் கடுஞ்சாராயத்தில் மூழ்குகின்றனர், அவர்களைப் பீரின் பக்கம் திருப்பிவிட்டால் உடம்பும் குடும்பமும் பிழைக்கும் என்ற எண்ணமும் வலுப்பெற்றது. 1830இல் வெல்லிங்டன் பிரபுவின் அரசாங்கம் பீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. வீட்டு வரி செலுத்துபவன் எவனும் ஆண்டுக்கு இரண்டு கினி கலால் இலாகாவுக்குக் கட்டினால் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம். மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டுவதில்லை. பீர்மீது இருந்த தீர்வையும் அவ்வாண்டே நீக்கப்பட்டது.

அச்சட்டம் அக்டோபர் மாதம் நடைமுறைக்கு வந்தது. முதல் அரையாண்டுக்குள் 24,000க்கு மேற்பட்ட புதிய பீர்க்கடைகள் தோன்றின. 1838 அளவில் அத்தொகை ஏறத்தாழ 46,000 ஆயிற்று. செருப்புத் தைப்பவரும் கூலிக்காரரும் தம் குடிசையின் முன்கூடத்தில் இரண்டு பலகையைப் போட்டுக் கடை திறந்தனர். ஜின் குடி ஒழிந்ததா என்றால், அதுவும் இல்லை. ஜின் கடைக்காரர்கள் போட்டியைக் கண்டு தம் கடைகளைக் கண்ணாடியும் எரிவாயு விளக்கும் பூட்டி மாளிகைகளாக மாற்றிக்கொண்டனர். மென்மையான மதுவைக் கொடுத்துக் கடுமையான மதுவை ஓட்டுவோம் என்று தொடங்கிய திட்டம் இரண்டையும் வளர்த்து வைத்தது. "பீர்தானே" என்று இன்று காகிதம் நீட்டுபவரின் வாதம் 1830இலேயே ஒரு முறை தேர்வுக்குப் போய் வந்த வாதம் என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

நான்கு ஆண்டுகள் கழித்து 1834இல் அரசாங்கம் சற்று விழித்துக்கொண்டது. கடையிலேயே உட்கார்ந்து குடிக்கும் வகைக்கும் வாங்கிச் செல்லும் வகைக்கும் தனித்தனிச் சீட்டு ஏற்படுத்தப்பட்டது. உட்கார்ந்து குடிக்கும் கடைக்கு விண்ணப்பிப்பவன், தான் நன்னடத்தை உடையவன் என்று அவ்வூரில் வரி செலுத்தும் அறுவரிடம் கையொப்பம் வாங்கி வரவேண்டும் என விதிக்கப்பட்டது. அன்பர்களே, நமது கேள்விக்கு நேரான இடம் இதுவே. அந்த அறுவரும் என்ன எழுதிக் கொடுத்தார்கள்? இவன் நல்லவன் என்று எழுதிக் கொடுத்தார்கள். அது பொய்யாகவும் இருந்திராது. நல்லவனாகவே பலர் இருந்திருப்பர். ஆனால் அத்தெருவுக்கு இக்கடை நல்லதா என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லிவிட்டுக் கேட்காத கேள்விக்கும் சேர்த்து அவர்கள் கையொப்பம் இட்டுவிட்டனர். நம்மிடம் நீட்டப்படும் காகிதத்திலும் இதே சூழ்ச்சி உண்டு. கட்டட நிதி, வாடகைக்காரரின் ஒழுங்கு, கதவு எந்தப் பக்கம் திறக்கும், குப்பையை யார் எடுப்பது என்பன பேசப்படும். கையொப்பமோ இவை எல்லாவற்றையும் தாண்டி வேறொன்றுக்கு உதவும்.

1869இல் பீர்க்கடைகள் மீண்டும் மாஜிஸ்திரேட்டுகளின் கைக்குக் கொண்டுவரப்பட்டன. எனினும் ஏற்கெனவே இருந்த கடைகளுக்குச் சட்டம் பாதுகாப்பு அளித்தது. குறிப்பிட்ட நான்கு காரணங்களுக்காக அன்றி அவற்றுக்கு மறுக்க இயலாது. முப்பத்தொன்பது ஆண்டுகள் திறந்திருந்த கதவு ஒரே நாளில் மூடப்படவில்லை. 1904இல், தேவைக்கு மிகையான கடைகளை மூடும்போது உரியவர்க்கு நட்டஈடு கொடுக்க, லைசென்சு வைத்திருப்போரிடமிருந்தே நிதி திரட்டும் முறையும் வந்தது. கடையை மூடுங்கள் என்பவர்கள் கடைக்காரனின் அடுப்பையும் நினைக்க வேண்டும் என்ற அளவில் அதை நாம் பாராட்டவே செய்கிறோம்.

இனி, இந்நூற்றாண்டுக்கு வருவோம். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2005 நவம்பர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது லைசென்சு வழங்கும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுகளிடமிருந்து உள்ளாட்சி மன்றங்களுக்கு மாறியது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே தீர்மானிக்கட்டும் என்பது கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. அம்மன்றம் நான்கு நோக்கங்களை மட்டுமே கருதலாம்: குற்றமும் ஒழுங்கின்மையும் தடுத்தல், பொதுமக்களின் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், குழந்தைகளைத் தீங்கினின்றும் காத்தல். ஸ்காட்லாந்தில் மக்கள் நல்வாழ்வு ஐந்தாவது நோக்கமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் அது இல்லை. இவற்றினும் முக்கியமான விதி ஒன்று உண்டு. உரிய காலத்துக்குள் முறைப்படி எவரும் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், முறையான விண்ணப்பத்துக்கு மன்றம் லைசென்சு அளித்தே ஆகவேண்டும். அங்கே அண்டை வீட்டாரின் மௌனம் கடைக்காரனுக்கு அளித்த வாக்காக எண்ணப்படுகிறது.

இந்த விதியைப் படித்த பிறகே நமக்கு இவ்விஷயம் தெளிவாயிற்று. கையொப்பம் இடுவது செயல், இடாமல் இருப்பது செயலின்மை, செயலின்மைக்குக் கர்மம் இல்லை என்று பலர் கணக்கிடுகின்றனர். லைசென்சு விஷயத்தில் அக்கணக்கு செல்லாது. ஒவ்வொரு சட்டமும் மௌனத்தை ஏதேனும் ஒரு பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சொசைட்டியின் சான்று வேண்டும் என்ற மகாராஷ்டிர அறிவிப்பில், சங்கம் பேசாமல் இருந்தால் கடை திறக்காது. மௌனம் தடையாக நிற்கிறது. இங்கிலாந்தில் பேசாமல் இருந்தால் கடை திறக்கும். ஒரே மௌனம் ஒரு நாட்டில் சீலமாகவும் மற்றொரு நாட்டில் அனுமதியாகவும் ஆகிவிடுகிறதே! எனவே, பிறர் குடிப்பதற்கு இசையாமை என்னும் மூன்றாம் படியில் நிற்க விரும்பும் உபாசகன் தன் நெஞ்சின் தூய்மையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. தன் மௌனம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைச் சட்டத்தைப் படித்து அறிந்துகொள்ளவும் கடமைப்பட்டவன். இதைக் கேட்டுச் சில அன்பர்கள், "தம்மத்தில் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவருகிறீரே" என்பர். கொண்டுவரத்தான் வேண்டும், கடை சட்டப் புத்தகத்தின் வழியாகத்தானே தெருவுக்குள் வருகிறது.

எதிர்வாதங்களையும் மறைத்தல் ஆகாது. அவற்றுள் வலிமையானது கள்ளச்சாராயத்தைப் பற்றியது. 2015 ஜூன் மாதம் மும்பை மால்வணியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர் அனைவரும் ஏழைகள். லைசென்சு பெற்ற கடையின் புட்டியில் அந்த நஞ்சு இருந்திராது என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க நம்மால் இயலாது. டாக்டர் அம்பேத்கர் தலைமை தாங்கிய ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் பெடரேஷன் 1951இல் வெளியிட்ட தேர்தல் அறிக்கையும் மதுவிலக்குச் சட்டத்தைக் கைவிடும்படியே கோரியது. வருமான இழப்பும் கள்ளக் காய்ச்சலும் அதற்குக் காட்டப்பட்ட காரணங்களாகும். அதே பாபாசாகேப் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தம் மக்களை ஏற்கச் செய்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் மது அருந்தாமையும் ஒன்று. இதில் முரண்பாடு காண்போர் உண்டு, நாம் காணவில்லை. போலீசைக் கொண்டு பிறன் வாயை மூடுவது வேறு. தன் வாயைத் தானே மூடிக்கொள்வது வேறு. லைசென்சு இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் இடத்தில் உள்ளது. இன்ன தெருவில், இன்ன வாசலில், நம் கண்ணெதிரே இக்கடை வேண்டுமா என்று மட்டுமே அது கேட்கிறது. நாடெங்கும் கடையே கூடாது என்று சொல்லாதவனும் என் வீட்டுப் படிக்கட்டின் கீழ் வேண்டா என்று சொல்லலாம். அதனால் கள்ளச்சாராயம் பெருகிவிடாது.

ஆனால் அந்த "என் வீட்டுப் படிக்கட்டு" என்னும் சொல்லிலும் ஒரு முள் இருக்கிறது. 1830க்குப் பிறகு இங்கிலாந்தில் பீர்க்கடைகளை எதிர்த்துக் குரல் எழுப்பிய கனவான்களுள் பலர் குடிக்கு அஞ்சியதைவிடக் கூலிக்காரர்கள் ஓரிடத்தில் கூடிப் பேசுவதற்கே அதிகம் அஞ்சினர். தென்னிங்கிலாந்தின் பண்ணையாட்கள் கலகம் செய்த 1830ஆம் ஆண்டில் அப்பழி பீர்க்கடைமீதும் போடப்பட்டது. கனவானின் மாளிகையில் இருந்த திராட்சை மது அறைக்கு எந்த லைசென்சும் தேவைப்படவில்லை. நம் நாட்டிலும் கிளப்பில் குடித்தால் நாகரிகம், தெருவில் குடித்தால் சாதிப் புத்தி என்று பேசும் நாக்குகள் இன்னும் அடங்கவில்லை. நம் மக்களைக் குடிகாரர் என்று இழித்த நாக்குகளும் அவையே. சொசைட்டியின் சான்றைப் பற்றிய அறிவிப்பும் பதிவு பெற்ற சங்கத்தாரைக் குறித்ததே. ஏழு மாடிக் கட்டடத்தார் மறுத்த கடை, சங்கமும் முத்திரையும் இல்லாத குடிசைப் பகுதியின் முகப்பில் போய் நின்றால், அம்மறுப்பால் எவர் பிழைத்தார்? ஆகவே தன் சொசைட்டியில் மறுத்த உபாசகன், அதே விண்ணப்பதாரன் அடுத்து எங்கே போகிறான் என்பதையும் ஒரு மாதம் கவனித்திருக்க வேண்டும் என்பது நமது கருத்து.

ஆலையில் ரிங் பிரேம் பிரிவில் நாம் வேலை பார்த்த நாள்களில், சம்பள நாளன்று சங்கு ஊதியதும் மில் கேட்டின் இருபுறமும் இருவகையார் காத்திருப்பர். ஒருபுறம் கடன்காரர், மறுபுறம் குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள். கேட்டுக்கும் அப்பெண்களுக்கும் இடையே இருந்தது முப்பதடி தூரம். அந்த முப்பதடிக்குள்ளேயே லைசென்சு பெற்ற கடை ஒன்று இருந்தது. அந்த இடத்தில் அக்கடையைத் திறக்கலாம் என்று ஒருவர் வரைபடத்தைப் பார்த்துக் கையொப்பம் இட்டிருப்பார். அவர் குடிப்பழக்கம் இல்லாதவராகக்கூட இருந்திருக்கலாம். வரைபடத்தில் கேட்டு இருந்திருக்கும், கடை இருந்திருக்கும். பெண்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

அப்பெண்களுக்குச் சட்டத்தில் ஓர் இடம் பின்னர் ஏற்பட்டது. மகாராஷ்டிரத்தில் 2008ஆம் ஆண்டு ஆணைப்படி, ஒரு கிராமத்தின் பெண் வாக்காளர்களுள் நூற்றுக்கு 25 பேர் மனுக் கொடுத்தால், கடை இருக்கலாமா கூடாதா என இரகசிய வாக்கெடுப்பு நடத்தப்பெறும். வாக்குச்சீட்டில் இரண்டு படங்கள்: நிற்கும் புட்டி ஒன்று, படுத்த புட்டி ஒன்று. நிற்கும் புட்டி என்றால் கடை இருக்கட்டும். படுத்த புட்டி என்றால் கடை மூடட்டும். எழுத்தறியாத தாய்மாரும் பிழையின்றி முத்திரை குத்தலாம். மதுவிலக்குச் சட்டம் என்ற பெயருடைய சட்டத்தின்கீழேயே லைசென்சும் வழங்கப்படுகிற அம்மாநிலத்தில், அந்தப் படுத்த புட்டி ஒன்றே சட்டத்தின் பெயருக்குச் சிறிது மானம் தேடித்தந்தது எனலாம்.

எனினும் இங்கேயும் மௌனத்தின் கணக்கைப் பாருங்கள். வந்து வாக்களித்த பெண்களுள் பாதிக்குமேல் என்றால் போதாது. பட்டியலில் உள்ள பெண்கள் அனைவரிலும் பாதிக்குமேல் படுத்த புட்டிக்கு விழ வேண்டும். ஸ்காட்லாந்தில் 1913ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர்தோறும் இத்தகைய வாக்கெடுப்பு நடந்தபோது, பதிவான வாக்குகளில் நூற்றுக்கு 55உம், பட்டியலில் உள்ளவர்களில் நூற்றுக்கு 35உம் இருந்தால் கடைகளை மூடலாம் என வைத்தனர். விக் என்னும் மீன்பிடி ஊர் அவ்வாறு கடைகளை மூடி 1947 வரை மூடியே வைத்திருந்தது. நம் நாட்டின் விதியோ அதனினும் கடினமானது. ஆயிரம் பெண்கள் பட்டியலில் இருந்து, அறுநூறு பேர் வாக்களித்து, அவர்களுள் ஐந்நூறு பேர் கடை வேண்டா என்றாலும் கடை நிற்கும். வராத நானூறு பேரும் ஒரு சொல்லும் சொல்லாமலே நிற்கும் புட்டியின் பக்கம் எண்ணப்படுகின்றனர்.

அந்த நானூறு பேர் யாவர்? சோம்பலால் வராதவர் சிலர். கணவனுக்கு அஞ்சி வராதவர் சிலர். அன்றைய கூலியை விட இயலாதவர் சிலர். இவர்களை வீடு வீடாகச் சென்று அழைக்கலாம். ஆனால் வேறு சிலரும் பட்டியலில் இருப்பர். மணமாகி வேறூர் சென்ற மகளின் பெயர் தாய் வீட்டில் இன்னும் இருக்கும். பிழைப்புக்காகச் சூரத்துக்கோ புனேவுக்கோ போய்விட்ட குடும்பம் இருக்கும். காலமாகிப் பல ஆண்டுகள் ஆன பாட்டியின் பெயரும் இருக்கும். குடிகார மகனால் கண்ணீர் வடித்தே மாண்ட தாயாகக்கூட அவள் இருந்திருப்பாள், இன்று அவள் பெயர் கடைக்காரனுக்கு ஆதரவாக நிற்கிறது! வாக்கெடுப்புக்கு மனுக் கொடுக்க எண்ணும் ஊரில் நம் உபாசிகைச் சங்கத்தார் கையொப்பம் திரட்டுவதற்கு முன்பாக வாக்காளர் பட்டியலை வாங்கி, மாண்டவர் பெயரையும் இடம் பெயர்ந்தவர் பெயரையும் குறித்துக்கொண்டு, பெயர் நீக்கத்துக்குரிய 7ஆம் எண் படிவத்தை ஒவ்வொன்றுக்கும் உரிய சான்றோடு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அது முடிந்த பிறகே மனுவை எழுதத் தொடங்கலாம்.